இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு

பெரியவளுக்கு மிருக வைத்தியம் படிக்கத்தான் ஆசை. மதிப்பெண்ணைப் பார்த்த கல்லூரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் அதற்கு நேர் கீழே வனவிலங்கு மேலாண்மை என்று ஒரு படிப்பு இருந்தது. இதிலும் மிருகம் இருக்கிறதே, எப்படியும் பக்கத்துப் பக்கத்து வகுப்பறையாகத்தான் இருக்கும் என்று நினைத்து அதில் டிக் போட்டுவிட்டாள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு நெடுஞ்சாலையே ஓடுகிறது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது கட்டணமும் கட்டியாகிவிட்டது.

வீட்டில் இரண்டு பெண்கள். இவள் பெரியவள், தங்கை சின்னவள். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை செய்தாள். மீதி வேலையை வீட்டுக்கும் எடுத்து வருவாள். அதனால் முன்னறையில் எப்போதும் வெட்டிய துணி குவிந்து கிடக்கும். ஒரு பக்கம் காலர்கள், ஒரு பக்கம் கைகள். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் பெரியவள் படிக்க உட்கார வேண்டுமென்றால் முதலில் முப்பது சட்டைக்கான கைகளை ஒதுக்கித் தள்ள வேண்டும்.

இந்தப் படிப்பு என்ன படிப்பு என்று யாருக்கும் பிடிபடவில்லை. அப்பா மற்ற வேன்காரர்களிடம், மிருகங்களுக்கெல்லாம் மேனேஜர் ஆகப்போகிறாள் என்று சொல்லிவைத்திருந்தார். காட்டுக்குள் காவலுக்கு நிற்கும் உத்தியோகம் என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கழுத்து தொங்கிப்போன ஒரு கோழியைக் கூடையில் வைத்து எடுத்து வந்தார். நான் டாக்டர் இல்லை என்று இவள் சொன்னதும், அப்படியானால் மூன்று வருஷம் என்னதான் படிக்கப்போகிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவளும் அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதல் வருஷம் முழுக்க மண், மழை, வரைபடம், புள்ளியியல், சட்டம் என்று போனது. நாலு கால் உள்ள ஒன்றைப் பார்த்தாள் என்றால் அது கேன்டீன் நாய்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது என்று சொல்லக்கூட அவளுக்கு வழியில்லை. காட்டைத்தான் இன்னும் கண்ணில் காட்டவே இல்லையே.

இரண்டாம் வருஷம் நிலைமை தேறும் என்று பார்த்தால், குழப்பம் கூடியது. பேராசிரியர் நல்ல மனிதர், பொறுமைசாலி, ஆனால் ஒரு நாள் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்வதுபோல இருக்கும். மேலாண்மை என்றால் மிருகங்களைக் காப்பாற்றுவது என்று ஒரு நாள். மனிதர்களோடு பேசிப் புரியவைப்பதுதான் மேலாண்மை என்று இன்னொரு நாள். ஒரு காடு இத்தனை மிருகங்களைத்தான் தாங்கும், அதற்கு மேல் இருப்பவற்றை என்ன செய்வது என்று வேறொரு நாள். பிடித்துக் கூண்டில் அடைக்கலாம், வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம், சில நாடுகளில் சுடுகிறார்கள். காப்பாற்றுவதும் சுடுவதும் ஒரே பாடத்தில், அடுத்தடுத்த பக்கத்தில் இருந்தன. பெரியவள் கையைத் தூக்கினாள்.

"அதுக்கு மேல இருக்குறதுன்னு யார் சார் முடிவு பண்றது?"

"நாமதாம்மா."

சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்த 'நாம' தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து எந்த வகுப்பிலும் அவள் கை இறங்கவில்லை. அது ஏன், இது எப்படி, அப்படியென்றால் போன வாரம் வேறு மாதிரி சொன்னீர்களே. அவள் கை உயர்ந்ததும் பெஞ்சு முழுக்கப் பெருமூச்சு விடும். வகுப்பு முடிந்து சாப்பிடப் போக முடியாதே. சீக்கிரமே அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சந்தேகம் வந்துவிட்டதா, சந்தேகத்துக்கு இன்று காய்ச்சலாம், சந்தேகம் இல்லாமல் வகுப்பு நிம்மதியாக இருக்கிறது என்றெல்லாம் கேலி. அவளும் கூடவே சிரிப்பாள். விடுதி அறைக்குப் போய் அழுவதும் உண்டு.

கடைசி வருஷம் புராஜெக்டுக்கு அவளோடு ஜோடி சேர்ந்தவள் நெட்டை. வகுப்பிலேயே உயரமானவள், வேலையில் கெட்டிக்காரி, எதையும் சட்டென்று முடிக்க வேண்டும் அவளுக்கு. இவளுக்கோ எதையும் தொடங்குவதற்கு முன் நாலு தடவை யோசிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் கிடைத்த வேலை, ஊரை ஒட்டிய ஒரு மலைக்காட்டில் எத்தனை சிறுத்தைகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. மிருகம் நடக்கும் ஒற்றையடிப் பாதையில், மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கேமராவைக் கட்டிவிட்டு வர வேண்டும். எது குறுக்கே போனாலும் அதுவே படம் எடுத்துக்கொள்ளும். சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று பார்ப்பதற்கு, ஒருவர் சிறுத்தை மாதிரி நாலு காலில் தவழ்ந்து அதன் முன்னால் போக வேண்டும். நெட்டை அவ்வளவு நீளத்தை மடக்கிக்கொண்டு தவழ்வதைப் பார்த்துப் பெரியவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்தது அங்கேதான். முதலில் வந்த படங்களில் ஆடும் கிளையும் ஆடு மேய்க்கும் ஓர் அம்மாளின் கணுக்காலும்தான் இருந்தன.

சிறுத்தையின் புள்ளிகள் ஒன்றுக்கு இருப்பதுபோல இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்துத்தான் இது வேறு, அது வேறு என்று பிரிப்பது. பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒவ்வொரு கேமரா வைத்தால் ஒரே நேரத்தில் உடம்பின் இரண்டு பக்கமும் பதிவாகிவிடும். பேராசிரியர் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் கல்லூரி ஸ்டோரில் கொடுத்த கேமராக்களில் பாதிக்கு மேல் பேட்டரி கசிந்து, உள்ளே உப்புப் பூத்துக் கிடந்தது. ஜோடி ஜோடியாக வைத்தால் பாதிக் காட்டைக்கூடத் தாண்டாது. அதனால் இடத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். ஒரே கல்லில் இரட்டிப்பு இடம் என்று நெட்டைக்குப் பெருமை.

படங்கள் சேர்ந்தபின் கணினி அறையில் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். இடப்பக்கம் தெரியும் படங்கள் நெட்டைக்கு, வலப்பக்கம் தெரியும் படங்கள் பெரியவளுக்கு. நெட்டை மூன்று சிறுத்தைகளைப் பிரித்தாள். அதில் ஒன்றுக்குத் தோளில் தனியாகத் தொங்கும் ஒரு புள்ளி இருந்ததால் கம்மல் என்று பெயர் வைத்தாள். பெரியவள் இரண்டைப் பிரித்தாள். ஒன்றின் இடுப்பில் சாவி வடிவத்தில் ஒரு குறி. அதற்குப் பெயர் சாவி. பிறகு நெட்டையின் மூன்றையும் இவளுடைய இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து, ஏதாவது ஒன்று இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டார்கள். ஒரு புள்ளிகூட ஒத்துப்போகவில்லை. ஆக மொத்தம் ஐந்து. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே பளிச்சென்று தெரிந்திருக்கும். ஒரே சிறுத்தைக்கே இடப்பக்கப் புள்ளி ஒரு மாதிரி, வலப்பக்கப் புள்ளி வேறு மாதிரி. இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டால் எந்தக் காலத்தில் ஒத்துப்போகும்? ஆனால் அந்த அறையில், அத்தனை ஆயிரம் இலைகளையும் ஆடுகளையும் பார்த்துக் கண் பூத்துப்போன பிறகு, அது அவர்களுக்குத் தெரியவில்லை. பெரியவளுக்கு மட்டும் மனசு எங்கேயோ உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள். நெட்டை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "தாயே, இன்னைக்கு ஒரு நாள் சந்தேகம் வேணாம்," என்றாள். பெரியவள் மென்று விழுங்கிவிட்டாள். மூன்று வருஷமாகக் கேட்கக் கூடாத இடத்திலெல்லாம் கேட்டவள், கேட்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

பேராசிரியருக்கு அன்று கையெழுத்துப் போட வேண்டியவை மேஜை நிறைய இருந்தன. புள்ளியியல் கணக்கைத்தான் பார்த்தார். அது சரியாக இருந்தது. இரண்டு பேரையும் பாராட்டினார். வனத்துறை ரேஞ்சரும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். மலையடியில் சிறுத்தைக்கு ஆடு போகிறது என்று அவருக்கு ஏகப்பட்ட புகார், கையில் கணக்கு எதுவும் இல்லை. அந்தக் காடு நாலு சிறுத்தையைத்தான் தாங்கும் என்று துறையின் திட்டத்தில் ஏற்கனவே இருந்தது. இவர்கள் ஐந்து என்றார்கள். ஒன்றைப் பிடித்து நகரத்து மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிவிடுவது என்று உத்தரவு வந்தது.

அதைக் கேட்ட அன்று பெரியவள் அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தாள். கணக்கு சரிதான், விதி சரிதான், ஆடு போனவர்களின் ஆத்திரமும் சரிதான். எல்லாம் சரியாக இருக்கும்போது ஏன் தப்பாகவே படுகிறது என்று நெட்டையிடம் கேட்டாள். நெட்டைக்கு ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் வேலை உறுதியாகியிருந்தது. பட்டம் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. அவள் சிரித்து, உனக்கு இந்தப் படிப்பே ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இருக்கலாம் என்று பெரியவளும் நினைத்தாள்.

கூண்டில் ஒரு சிறுத்தை விழுந்ததும் ரேஞ்சர் இருவரையும் வரச்சொன்னார். ஐந்தில் எது என்று பார்த்துச் சொன்னால் கோப்பை முடித்துவிடலாமாம். போனபோது வனத்துறை அலுவலக முற்றத்தில் லாரி கிளம்பத் தயாராக நின்றது. கூண்டு இன்னும் கீழேதான் இருந்தது, பாதி தார்ப்பாயால் மூடி. சுற்றிலும் கூட்டம். முன்னால் நின்றவள், இவர்களுடைய படங்களில் கணுக்காலாக மட்டுமே வந்த அந்த ஆட்டுக்காரம்மாள். ஆறு ஆட்டைப் பறிகொடுத்தவள். இது இங்கிருந்து போவதைக் கண்ணால் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மயக்க மருந்து தெளிந்தும் தெளியாமலும் சிறுத்தை கம்பியோடு ஒட்டிப் படுத்திருந்தது. இடத் தோளில் தனியாக ஒரு புள்ளி. கம்மல் என்று நெட்டை உடனே சொன்னாள். ரேஞ்சர் எழுதிக்கொண்டார். லாரிக்காரர் இன்ஜினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் சிறுத்தை தடுமாறி எழுந்து அந்தப் பக்கம் திரும்பியது. அதன் வலது இடுப்பில் சாவி இருந்தது.

பெரியவளுக்கு முதலில் கூண்டில் இரண்டு சிறுத்தைகள் இருப்பதாகத்தான் தோன்றியது. குனிந்து எண்ணிக்கூடப் பார்த்தாள். ஒன்றுதான். கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகுதான் சட்டையின் இடது முன்பக்கத்தையும் வலது முன்பக்கத்தையும் தனித்தனியாக எண்ணி இரண்டு சட்டை என்று கணக்குக் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. அம்மாவின் தையல் கூடத்தில் நேற்றுச் சேர்ந்த பெண்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டாள்.

நெட்டையும் பார்த்துவிட்டாள். பெரியவளின் கையை இறுகப் பிடித்து, காதோடு காதாக, "இப்ப எதுவும் பேசாத. ப்ளீஸ். வண்டி போகட்டும்," என்றாள்.

வண்டி போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பட்டம் வரும், நெட்டைக்கு வேலை வரும், ஆட்டுக்காரம்மாள் தூங்குவாள். இந்த ஒன்று மட்டும் சாகும்வரை சிமென்ட் தரையில் நடக்கும். பேசினால் என்ன ஆகும் என்பதும் தெளிவாக இல்லை. இது ஆடு பிடிக்காத சிறுத்தை என்று அவளால் சொல்ல முடியாது. பிடித்த சிறுத்தையாகவே இருக்கலாம். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இதைப் பிடிக்கக் காரணமாக இருந்த அந்த ஐந்து என்ற எண் பொய். அந்தப் பொய்யைச் சொன்னது அவள். கூலியாட்கள் கூண்டைத் தூக்கக் கை வைத்தார்கள். பெரியவளின் கை தானாக மேலே போனது, வகுப்பில் போவது மாதிரியே.

"சார், தூக்க வேணாம் சார். எங்க கணக்கு தப்பு."

ரேஞ்சருக்கு முதலில் எரிச்சல். அவள் படங்களைக் காட்டி, இதன் இடப்பக்கத்தை ஒன்றாகவும் வலப்பக்கத்தை இன்னொன்றாகவும் எண்ணிவிட்டோம் என்று திக்கித் திணறி விளக்கிய பிறகு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்படியானால் உண்மையில் எத்தனை என்று கேட்டார்.

"மூணா இருக்கலாம் சார். நாலாவும் இருக்கலாம். சரியா தெரியாது. அஞ்சுன்னு மட்டும் சொல்ல முடியாது."

தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாயா என்று கேட்டார். போட்டுத் தந்தாள். நெட்டை தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். ரேஞ்சர் உள்ளே போய் மேலதிகாரியோடு வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, கணக்கே இல்லாமல் பிடித்துக் கொண்டுபோக முடியாது, திரும்ப விடச் சொல்கிறார்கள் என்றார். கூட்டம் கசமுசாவென்று இரைந்தது. ஆட்டுக்காரம்மாள் இரையவில்லை. நேராகப் பெரியவளிடம் வந்தாள்.

"இது இனிமே என் ஆட்டைத் தொடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் பேசாம போயிடுறேன்."

பெரியவளுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும்போல அவ்வளவு ஆசையாக இருந்தது. "சொல்ல முடியலக்கா," என்றாள்.

"அப்ப உன் நம்பரைக் குடு."

கொடுத்தாள். சாயங்காலம் காட்டின் விளிம்பில் கூண்டைத் திறந்தார்கள். அது ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு, புதருக்குள் போய்விட்டது. நன்றி சொல்வதுபோலத் திரும்பிப் பார்க்கவெல்லாம் இல்லை.

புராஜெக்ட் ரத்தானது. இரண்டு பேரும் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். நெட்டையின் வேலை போனது. பெரியவளோடு பேச்சும் நின்றது. பேராசிரியர் தன் கையெழுத்தும் அதில் இருக்கிறதே என்று வருத்தப்பட்டார், திட்டவில்லை. அப்பாதான் வேனைக் கழுவிக்கொண்டே, நீ செய்தது சரியா தப்பா என்று கேட்டார். ஒரு சிறுத்தை தப்பித்தது, ஒரு தோழி போனாள், ஒரு வருஷம் போனது, யாருடைய ஆடோ போகப்போகிறது. இதில் எதை எதில் கழிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியலப்பா என்றாள். அவர் அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"உன் சிறுத்தை வந்துட்டுப் போச்சு. கிளம்பி வா," என்றாள் ஆட்டுக்காரம்மாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

போகாமல் இருந்திருக்கலாம். எண்ணை மாற்றிக்கொண்டிருக்கலாம். என் சிறுத்தை இல்லை அது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்த எந்தச் சாக்கும் அவளுக்கே பிடிக்கவில்லை. பஸ் பிடித்தாள். போய் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியவில்லை. அதற்கு அவள் படிப்பில் பாடம் இல்லை.

பட்டியின் வேலி ஒரு மூலையில் பிய்ந்து கிடந்தது. ஆட்டை இழுத்துப் போன தடத்தில் புல் படுத்திருந்தது. ஆட்டுக்காரம்மாள் வசவு ஒன்றும் கொட்டவில்லை, கம்பிச் சுருளின் ஒரு முனையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். இருவரும் வேலியை இழுத்துக் கட்டினார்கள். கம்பி பெரியவளின் உள்ளங்கையைக் கிழித்தது. நீங்கள் பார்த்தீர்களா அதை என்று மெதுவாகக் கேட்டாள். டார்ச் வெளிச்சத்தில் நன்றாகவே பார்த்ததாக அந்த அம்மாள் சொன்னாள். தோளில் தனியாக ஒரு புள்ளி, கூண்டில் கிடந்ததேதான். பெரியவள் தலை குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அது நல்லா இருந்துச்சாக்கா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் முறுக்கிக்கொண்டிருந்த கம்பியை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள். அறையப்போகிறாள் என்றுதான் பெரியவள் நினைத்தாள்.

"நல்லா கொழுத்து, பளபளன்னு இருக்கு," என்றாள் ஆட்டுக்காரம்மாள். "என் ஆட்டைத் தின்னா ஏன் இருக்காது?"

பெரியவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துக் கூசியது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே, அந்த அம்மாள் பட்டிக்குள் போய், தாயைப் பறிகொடுத்த குட்டியைத் தூக்கிவந்து அவள் கையில் போட்டாள். அது பசியில் அவள் விரலைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியது.

"பிடிச்சுக்கோ. பால் புட்டி எடுத்துட்டு வரேன்."